நகக்கண்ணில் சிவப்பு

நாய் குரைத்தால் சந்தின் மறுபக்கம் போய்விடுகிற மனிதர் சதாசிவம். அவரிடம் ஒரு படையே இருந்தது என்றால் யார் நம்புவார்கள்?

ஈப்போவில் ஒரு வார்ப்புப் பட்டறையில் வேலை. பழைய பேட்டரி ஈயத்தை உருக்கி, விரல் நீளச் சிப்பாய்களாக வார்த்து, சாயம் பூசி, வீட்டு மேசையில் நிறுத்துவார். பக்கத்து ஊரான செமோரில் மளிகைக் கடை வைத்திருக்கும் நண்பர் நூஹு ஞாயிற்றுக்கிழமை வந்தால் இருவரும் பகடை உருட்டி, அடிக்கோலால் அளந்து படைகளை நகர்த்துவார்கள். சண்டை ஐரோப்பாவில் எந்தக் காலத்திலோ நடந்தது. ஆனால் மேசை மேல் நிற்பது ஈப்போவின் சுண்ணாம்பு மலைகள். வேறு மலையை அவர் பார்த்ததில்லை, பாவம்.

சந்து முனையில் மரக்கிடங்கின் நீளச் சுவர். விளம்பரப் பலகை எழுதும் பத்துமலை, வேலை இல்லாத நாட்களில் அதில் ஒரு படம் வரைந்திருந்தான். மழையில் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் கூட்டம். சதாசிவம் தினமும் வேலைக்குப் போகிற வழியில் அதன் முன் நிற்பார். நன்றாக இருக்கிறது என்று அவனிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்; வாய் வராது. இந்தப் புது வருஷத்தன்று வாழ்த்தோடு சேர்த்துச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தார்.

நூஹுவுக்குப் புது வருஷப் பரிசாக ஒரு பிடி சிப்பாய்களுக்குச் சிவப்புச் சட்டை பூசினார். சிவப்புப் பெயிண்டு பத்துமலை கொடுத்தது. டின் அடியில் கொஞ்சம் கிடந்ததை, "எடுத்துக்குங்கண்ணே, காசெல்லாம் வேணாம்லா" என்று கையில் திணித்திருந்தான். மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் சதாசிவத்தின் நகக்கண்ணில் சிவப்பு நின்றுவிட்டது.

எழுபத்தாறாம் வருஷம் பிறந்த காலையில் சந்து நிறையப் போலீஸ். படத்தின் மேல் யாரோ சிவப்பில் பெரிய எழுத்தாக எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளின் வாசகம். அவர்கள் நகரத்திலேயே அதிகாரிகளைச் சுட்டுக்கொண்டிருந்த காலம் அது. சந்தேகத்தில் பிடித்துக்கொண்டு போனால் கோர்ட்டும் கிடையாது, கேள்வியும் கிடையாது. போனவன் எப்போது வருவான் என்று பெண்டாட்டிக்குக்கூடச் சொல்ல மாட்டார்கள்.

சந்து ஆண்களை வரிசையாக நிறுத்தினார்கள்.

"கையக் காட்டுங்க," என்றார் தமிழ் சார்ஜன்.

சதாசிவத்தின் விரல்களைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. வீடு எது என்று மட்டும் கேட்டார். சார்ஜன் பின்னால் வர, சதாசிவம் வழி காட்டினார். எப்படி வீடு வந்து சேர்ந்தாரோ தெரியாது.

மேசையை சார்ஜன் சுற்றிச் சுற்றி வந்தார். மலை, பாலம், ரோடு, ஒளிந்து நிற்கும் சிப்பாய்கள்.

"இது நம்ம மலைதானே?"

"ஆமாங்க ஐயா. சும்மா விளையாட்டுக்கு."

"பிள்ளைங்க எத்தன?"

சதாசிவத்தின் மனைவி மங்களம்தான் பதில் சொன்னாள். "எங்களுக்குப் பிள்ளை இல்லைங்க."

"அப்ப யாரு விளையாடுறது?"

"நான்தாங்க," என்றார் சதாசிவம். நாற்பத்தைந்து வயதில் அதைச் சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்தது. பயம் அந்த வெட்கத்தையும் விழுங்கியது.

சார்ஜன் ஒரு சிவப்புச் சிப்பாயை எடுத்து முகர்ந்தார். "பெயிண்டு யாரு கொடுத்தா?"

கடையில் வாங்கினேன் என்று சொல்லியிருக்கலாம். பொய் சொன்னால் பிடித்துவிடுவார்கள் என்ற நடுக்கத்தில் உண்மை தானாக வந்து விழுந்தது.

"பத்துமலைங்க."

சார்ஜன் தலையாட்டினார், சிப்பாயைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "நீ போய் மத்தவங்களோட சுவருக்கு வெள்ளையடி."

தப்பித்தோம் என்று நினைத்ததும் சதாசிவத்துக்கு அழுகையே வந்துவிட்டது. மங்களத்தைக்கூடத் திரும்பிப் பார்க்காமல் ஓடினார். எழுத்தை மட்டுமல்ல, சுவர் முழுவதையும் வெள்ளையடிக்கச் சொல்லியிருந்தார்கள். ஆளுக்கொரு சுண்ணாம்பு மட்டை. பத்துமலையும் நின்று தன் படத்தைத் தானே அழித்துக்கொண்டிருந்தான். சதாசிவம் அவன் பக்கத்தில் போய் நின்றார். குடை பிடித்த பெண் ஒருத்தி அவர் கை வீச்சில் மறைந்தாள். சொல்ல நினைத்ததை இப்போதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

"ஹேப்பி நியூ இயர் தம்பி," என்றார் மெல்ல. "படம் ரொம்ப நல்லா இருந்துச்சு. தினமும் நின்னு பாப்பேன்."

பத்துமலை திரும்பவில்லை. ஆனால் அவன் கை ஒரு நிமிஷம் நின்றது. இதுவரை அந்தப் படத்தை யாரும் அவனிடம் பாராட்டியதில்லை போலிருக்கிறது.

"சந்தோஷம்ண்ணே," என்றான். "கொஞ்சம் தள்ளி நின்னு அடிங்க. சிவப்புப் பெயிண்டு யாருக்காச்சும் கொடுத்தியான்னு காலைலயே என்னக் கேட்டாங்க. யாருக்கும் கொடுக்கலன்னு சொல்லிட்டேன். உங்களத் தெரியவே தெரியாதுன்னுட்டேன். நீங்க பயப்படாதீங்க."

சதாசிவத்தின் கையிலிருந்து மட்டை நழுவியது. சந்தின் அந்தப் பக்கத்திலிருந்து சார்ஜன் கூப்பிட்டார்.

"பத்துமலை. இங்க வா."

பத்துமலை கையைத் துடைத்துக்கொண்டு போலீஸ் ஜீப்பை நோக்கி நடந்தான்.