கொடிக்காலுக்குள் போன அக்கா

சின்னமனூரில் ஒரு வெற்றிலைக் கொடிக்காலின் வாசலில், தலையில் முக்காடும் கையில் மண்வெட்டியுமாக அக்கா நின்ற அந்தக் காலைதான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. அவர் உத்தமபாளையத்துக்காரர், ஆய்வுக்கூடத்தில் எனக்கு மூத்தவர். வெற்றிலைக் கொடியின் வாடல் நோய்தான் அவருடைய ஆய்வு. அதற்கு வேர் வேண்டும். ஆனால் பெண்கள் உள்ளே கால் வைத்தால் கொடி பட்டுப்போகும் என்ற நம்பிக்கை அங்கே பல தோட்டங்களில் இருந்தது. எங்கள் பேராசிரியர், "நீ ஆய்வுக்கூடத்துலயே இரும்மா, பசங்க எடுத்துட்டு வருவாங்க" என்று சுலபமாக முடித்துவிட்டார். பையன்கள் கொண்டுவந்த வேரெல்லாம் அறுந்து காய்ந்து கிடந்தது. அதனால் அக்கா தானே கிளம்பிவிட்டார். துணைக்கு நான்.

தோட்டக்காரர் மரியாதையாகத்தான் மறுத்தார். "தப்பா நினைக்காதீக தாயி. பொம்பளைக உள்ள வந்தா ஆகாது."

அக்கா வாதாடவில்லை. "எப்ப இருந்துண்ணே வாட்டம்?" என்று மட்டும் கேட்டார். கீரை ஆய்ந்துகொண்டிருந்த அவர் மனைவிதான் பதில் சொன்னார்: "தையிலருந்து வாடுது. இத்தன நாளா எந்தப் பொம்பள உள்ள போனா? போயிட்டு வந்ததெல்லாம் ஆம்பளைகதேன். அந்தப் பிள்ளைய விடுங்க, பாத்துட்டு வரட்டும்."

தோட்டக்காரர் மனைவியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், கடைசியில் அவரே சிரித்துவிட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனோம். கொடி படர நட்டிருந்த அகத்தி மரங்களின் நிழல் ஈரத்தில் முழங்காலிட்டு, வேரை மண்ணோடு இரு கைகளிலும் ஏந்திய அக்காவின் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. திரும்பிப் பார்த்தால், பின்னாலேயே அந்த அம்மாவும் வந்து நின்றார். வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து அன்றுதான் தன் தோட்டத்தின் உள்பக்கத்தைப் பார்க்கிறாராம்.

பட்டம் பெற்ற பின் அக்கா வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றுக்குப் போனார். அவருடைய முதல் உரைக்கு முன், கறுத்த நிறத்தையும் முக்காட்டையும் பார்த்த ஒருவர், துப்புரவுக்கு வந்தவர் என்று எண்ணிக் குப்பைக்கூடையை நீட்டினாராம். "அங்கன பொம்பளன்னு வெளிய நிறுத்துனாக. இங்கன நெறத்தையும் முக்காட்டையும் பாத்துக் கூடைய நீட்டுறாக" என்றார் போனில். குரல் கொஞ்சம் உடைந்திருந்தது. என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். "கூடைய வாங்கிக் கீழ வச்சேன். இன்னைக்குப் பேசப்போறது நாந்தேன், முன்னால உக்காந்து கேளுங்கன்னேன். உக்காந்தாரு. முடிஞ்சதும் மன்னிப்புக் கேட்டாரு. வேரப் பத்திக் கேள்வியும் கேட்டாரு." அந்தக் கேள்வியைச் சொல்லும்போது குரல் பழையபடி துள்ளியது.

இன்று தேனியில் ஒரு கல்லூரியில் அவர் துறைத் தலைவர். அதே துறையில்தான் நானும் இருக்கிறேன். போன மாதம் தேவாரத்திலிருந்து ஒருவர், மகளை ஆய்வில் சேர்க்க வந்தார். அறைக்குள் எட்டிப் பார்த்து, "சார் இல்லையாம்மா?" என்றார்.

அக்கா கண்ணாடியைக் கழற்றினார். "நாந்தேன் சாரு. உள்ள வாங்கண்ணே."

அவர் தயங்கி நின்றார். மகள் வாயைப் பொத்திச் சிரித்தபடி, அப்பாவைத் தாண்டி உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.