தாணு நேர்ந்துகொண்டது

போன மாதம் நெய்யாற்றின்கரைச் சந்தைக்கு மரச்சீனிக்கிழங்கு வாங்கப் போனேன். அந்த ஊரில் வாழ்க்கைப்பட்டிருக்கும் என் மகள்தான் அனுப்பினாள். கிழங்கில்லாமல் திரும்பிப் போய் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை. சந்தை மூலையில் ஒரு கிழவி இஞ்சைப்பட்டை விற்றுக்கொண்டிருந்தாள். உங்களுக்கு இஞ்சை தெரியாமலிருக்கலாம். காட்டுக்கொடி ஒன்றின் பட்டையை அடித்து நாராக்கி வைத்திருப்பார்கள். நனைத்து உடம்பில் தேய்த்தால் நுரைக்கும், அழுக்குப் போகும். சோப்பு வந்த பிறகு அதை யார் சீந்துகிறார்கள்! ஒரு துண்டை எடுத்து மூக்கருகே வைத்தேன். வைத்தவன் எடுக்கவில்லை போலிருக்கிறது. "வேணங்கில் மேடிச்சோ, மணத்தோண்டு நிக்கண்டா" என்று கிழவி மலையாளத்தில் அதட்டினாள், வேண்டுமானால் வாங்கு, மோந்துகொண்டு நிற்காதே என்று. வாங்கிக்கொண்டேன். கிழங்கு மறந்துபோயிற்று.

அந்த மணத்துக்கும் எனக்கும் உறவு உண்டாக்கியது பள்ளிக்கூடத்துப் பேனா மை. அப்போது மகாராஜா ஆட்சி. பாறசாலை தாண்டினால் வேறு மாநிலம் என்ற தொல்லையெல்லாம் கிடையாது. நெய்யாற்றுக்குத் தெற்கே எங்கள் ஊர், வடக்கே நெய்யாற்றின்கரையில் இங்கிலீஷ் பள்ளிக்கூடம். மைக்கூட்டில் பேனாவை முக்கி முக்கி எழுதுகிற காலம். எழுதுவது ஒரு வரியென்றால் விரலில் அப்புவது ஒன்பது வரி. எங்கள் ஊர்ப் பள்ளிவாசல் லெப்பை, விரலில் மை இருந்தால் தோலில் தண்ணீர் படாது, தண்ணீர் படாவிட்டால் தொழுமுன் கை கால் முகம் கழுவும் ஒளு கூடாது, ஒளு கூடாவிட்டால் தொழுகையும் இல்லை என்று சொல்லியிருந்தார். அது மெய்யா என்று இன்றுவரை நான் வேறு எந்த ஆலிமிடமும் கேட்டதில்லை. இத்தனை வருஷம் தேய்த்த தேய்ப்பு வீணென்று சொல்லிவிட்டால் என்ன செய்வது?

பயந்ததற்குக் காரணம் உண்டு. இங்கிலீஷ் படித்தால் ஈமான் போய்விடும் என்று லெப்பை ஒற்றைக்காலில் நின்றார். பாறசாலையில் துணிக்கடை வைத்திருந்த என் வாப்பா, பள்ளிவாசலில் எல்லோர் முன்பும் அவருக்கு வாக்குக் கொடுத்தார். "அஞ்சு வக்துத் தொழுகையில ஒண்ணு தப்பினாலும் அண்ணைக்கே பள்ளிக்கூடத்த நிப்பாட்டிருவேன். கடையில இருந்து துணி கிழிக்கட்டும்." ஆக, எனக்கு அல்லாவின் மேலிருந்த பயத்தைவிடத் துணிக்கடையின் மேலிருந்த பயம்தான் பெரிது. பக்தி இப்படியும் வரும், சிரிக்காதீர்கள்.

வகுப்பில் தொழுகிறவன் நான் ஒருவன். மத்தியானம் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் அயனி மரத்தடியில் துண்டை விரித்துத் தொழுவேன். கணக்கு வாத்தியார் அந்தப் பக்கம் போனால், "மண்ணில் நெற்றி முட்டினா கணக்கு வருமாடா?" என்பார். வரவில்லை என்பது வாஸ்தவம். ஆனாலும் அந்த மரத்தடியில் எனக்கு உடம்பெல்லாம் கூசும். எறும்பு கடிக்கும், பையன்கள் எட்டிப் பார்ப்பார்கள், ஓதினது மறந்துபோகும்.

அஸர் தொழுகை அப்படியில்லை. அது சாயங்காலத் தொழுகை, பள்ளி விட்டு வீட்டுக்கு நடக்கிற வழியில் வரும். ஆற்றைக் கடந்ததும் தென்கரையில் ஒரு குளிகடவு உண்டு. படி இறங்கினால் ஒரு பாறை. ஆறு மேற்கே ஓடுகிறது, எங்களுக்குத் தொழுகிற திசையும் மேற்கு. தண்ணீர் போகிற பக்கம் பார்த்து நின்றால் நானும் அதோடு போவது மாதிரி இருக்கும். என் ஆயுசில் மனமொப்பித் தொழுதேன் என்றால் அந்தப் பாறையில்தான். அங்கே என்கூட தாணு உண்டு.

தாணு சர்க்கார் கச்சேரி குமாஸ்தா ஒருவரின் மகன். சைவப் பிள்ளைமார் வீடு, எங்கள் ஊருக்கு முந்தின ஊர். தினமும் பள்ளியிலிருந்து ஒன்றாக நடப்போம். கடவுக்கு வந்ததும் அவன் புத்தகத்தைக் கல்லில் வைத்துவிட்டு உடுத்த முண்டோடு ஆற்றில் இறங்கி முங்குவான். மழையென்றாலும் முங்குவான், சளி பிடித்திருந்தாலும் முங்குவான். எனக்குத் தன் இஞ்சையில் ஒரு நார் பிய்த்துக் கொடுப்பான். நான் மையைத் தேய்த்துக் கழுவி, ஒளு செய்து, பாறையில் ஏறுவேன். தொழுகிறவன் முன்னால் குறுக்கே போகக்கூடாது என்று ஒருநாள் சொல்லிவைத்தேன். அன்றிலிருந்து ஈர முண்டோடு உட்கார்ந்து ஆடு, கோழி, துணி துவைக்க வருகிறவர்கள் எல்லோரையும் விரட்டுவது அவன் வேலை. முடிவில் நான் வலமும் இடமும் திரும்பி சலாம் சொல்வதைப் பார்த்து, "யாருக்குலே சலாம் வைக்கே?" என்று கேட்டான். தோளில் இருந்து நன்மை தீமை எழுதும் மலக்குகளுக்கு என்றேன். "இடத்துப் பக்கம் நானுல்லா இருக்கேன்?" என்றான். "செரி, நீயும் எடுத்துக்க." அதற்குப் பிறகு இடப்பக்கத்தை விட்டு வேறெங்கும் உட்காரமாட்டான்.

அவன் முங்குவதைப் பக்தி என்றுதான் நான் நினைத்தேன். சாயந்திரம் விளக்கு வைக்கிற வீட்டுப் பிள்ளை, சாமி கும்பிடப் போகுமுன் சுத்தம் செய்கிறான். எனக்குக் கை, கால், முகம் போதும், அவனுக்கு முழு உடம்பும் வேண்டும் போலும். கழுவுவது என்றாலே கடவுளுக்காக என்று வளர்ந்தவனுக்கு வேறென்ன தோன்றும்? வீட்டில் இதைப் பெருமையாகச் சொன்னேன். வாப்பாவுக்கு அப்படியே உருகிவிட்டது. "பாத்தியா, அந்தப் பிள்ளை தலையோட முங்குது. நீ காலு கழுவவே சடைக்கே" என்று விடிகாலையில் என்னை எழுப்பும்போதெல்லாம் தாணு பெயர்தான். லெப்பையிடம்கூடச் சொன்னார்.

அதோடு விட்டாரா? நோன்புப் பெருநாளன்று சாயங்காலம் நல்ல மட்டிப்பழக்குலை ஒன்றைத் தூக்கிக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு தாணு வீட்டுக்குப் புறப்பட்டார். சமைத்த பண்டம் அந்த வீட்டில் ஆகாது, பழம் ஆகும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். முற்றத்தில் நின்றோம். தாணுவின் அப்பா மரியாதையாகத்தான் எழுந்து வந்தார். கதவுக்குப் பின்னால் அவன் அம்மை. வாப்பா பேச ஆரம்பித்தார். "பிள்ளைவாள், இப்பிடி ஒரு மகனைப் பெத்ததுக்கு உங்களைப் பாத்து ஒரு வார்த்தை சொல்லணும்னு வந்தேன். சாமி கும்பிட தினமும் முங்கிட்டுல்லா வீட்டுக்கு வாறான்!"

தாணுவின் அம்மைக்குச் சூதுவாது தெரியாது. புகழ்ச்சி கேட்ட சந்தோஷத்தில் கதவுக்குப் பின்னாலிருந்தே சொன்னாள். "சாமிக்கு இல்ல சாயிபே. பள்ளிக்கூடத்துல கண்ட ஆளையும் தொட்டுட்டுல்லா வாறான்? முங்காம நடை ஏறப்படாதுண்ணு நானாக்கும் சொல்லிவச்சேன்." அவன் அப்பா தொண்டையைச் செருமினார். அவள் வெளியே வந்து, செம்பிலிருந்து தண்ணீர் எடுத்துக் குலைமேல் தெளித்துவிட்டு உள்ளே தூக்கிப் போனாள். தாணு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

வாப்பா விறுவிறுவென்று முன்னால் நடந்தார். வீட்டு வாசலில் வந்து நின்று சொன்னார். "நாளைக்கும் அஸர் அங்கதான் தொழணும். ஆத்துத் தண்ணி அவங்களதும் இல்ல, நம்மளதும் இல்ல." சொல்வது சுலபம்! நான் கழுவுவது அல்லாவிடம் போக, அவன் கழுவுவது என்னைப் போக்க. ஒரே தண்ணீர், ஒரே இஞ்சை.

மறுநாள் பள்ளியில் அவனோடு பேசவில்லை. விட்டதும் ஓட்டமாக வந்து, அவன் வருமுன் தொழுதுவிட வேண்டும் என்று அவசரமாகப் பாறையில் ஏறினேன். முடித்துத் திரும்பினால் இடப்பக்கம் உட்கார்ந்திருக்கிறான். உடம்பில் ஈரமில்லை.

"முங்கல்லியா?"

"இல்ல. உன்னைப்போல முகமும் காலும் கழுவினேன். போதாதா?"

"அம்மை கேப்பாளே."

"தலையை மட்டும் நனைச்சிட்டுப் போறேன். அவ தலையத்தான் பாப்பா."

வந்த கோபம் போன இடம் தெரியவில்லை. அவன் குனிந்து தலையை மட்டும் ஆற்றில் முக்கி எடுத்ததைப் பார்த்து வயிறு நோகச் சிரித்தேன். முண்டு நனையவில்லையே என்று நானே அள்ளித் தெளித்துவிட்டேன். அந்த மழைக்காலம் முழுக்க இந்தக் கள்ளத்தனம் நடந்தது. சந்தோஷமென்றால் அதுதான் சந்தோஷம். இந்த நடையும் இந்தத் தொழுகையும் இப்படியே இருந்தால் போதும் என்றிருந்தது எனக்கு.

பிறகு அவன் தங்கை ஆவுடைக்குக் காய்ச்சல் வந்தது. சின்னக் குழந்தை, அவன் இடுப்பில் தூக்கி வளர்த்தது. வைத்தியர் வந்தார், இங்கிலீஷ் டாக்டர் வந்தார், காய்ச்சல் இறங்கவில்லை. தீட்டுப் பட்டிருக்கிறது என்று வீட்டில் பேசிக்கொண்டார்களாம். எங்கிருந்து பட்டது என்று அவர்களுக்குத் தெரியாது. தாணுவுக்குத் தெரியும், அதாவது அவன் அப்படி நம்பினான். அப்படியொன்றும் இல்லையென்று சொல்ல எனக்கும் வயது போதவில்லை. எனக்கே பயம். கடவில் வைத்து, "நீ தொழும்போ அவளுக்காவ கேளு மக்கா" என்றான். கேட்டேன். அல்லாவிடம் அதற்குமுன் நான் பரீட்சை தவிர எதையும் கேட்டதில்லை. அன்று துணிக்கடை ஞாபகமே வராமல், கண்ணீர் விட்டுக் கேட்டேன்.

ஆவுடை பிழைத்தாள். காய்ச்சல் விட்டது என்று கேள்விப்பட்டதும் கடவில் அவனுக்காகக் காத்திருந்தேன். வந்தான். புத்தகத்தைக் கல்லில் வைத்தான். முண்டோடு இறங்கி முங்கினான், மறுபடியும் முங்கினான். கரையேறி என்னிடமிருந்து தள்ளி நின்றுகொண்டு சொன்னான். "நேர்ந்துட்டேன் மக்கா. குடும்பத்துச் சாஸ்தாவுக்கு. அவ பிழைச்சா இனி உன்கூட நடக்கமாட்டேண்ணு."

எனக்கு ஆத்திரம் பொங்கியது. "எலே, நேர வேற ஒண்ணும் கிடைக்கல்லியா? தேங்கா இல்லியா? மொட்டை அடிக்கப்படாதா?"

"எனக்கு உள்ளதுல பெரிசு இதாக்கும். சின்னத நேர்ந்தா சாமி கேக்குமா?"

சொல்லிவிட்டுப் படியேறிப் போனான். நான் அஸர் தொழுதேன். வாக்கு இருக்கிறதே, தப்பவிட முடியுமா? என்ன ஓதினேன் என்று தெரியாது. அல்லாவிடம் நான் அவளைக் கேட்டேன், கொடுத்தான். அதே குழந்தைக்காக எதிர்ப்பக்கம் ஒருவன் என்னையே விலையாக வைத்தது எனக்குத் தெரியாமல் போயிற்று.

நேர்ச்சையை அவன் மீறவேயில்லை. அப்பாவைப்போலக் கச்சேரியில் குமாஸ்தாவானான். சாலையில் என்னைக் கண்டால் சிரிப்பான், நின்றுவிடுவான். நான் கடந்து போகும்வரை நின்றபடியே இருப்பான். நானும் அவனை வற்புறுத்தவில்லை. நேர்ச்சை என்றால் என்னவென்று எங்கள் ஆட்களுக்கும் தெரியும்தானே. இரண்டு வருஷத்துக்கு முன் இறந்துபோனான். செய்தி எனக்குத் தாமதமாகத்தான் வந்தது.

சந்தையிலிருந்து அன்று நேரே அதியன்னூருக்கு நடந்தேன். ஆவுடையை அங்கேதான் கட்டிக் கொடுத்திருந்தார்கள், இப்போது பேரன் பேத்தி எடுத்துவிட்டாள். கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போய் நாற்காலியில் உட்கார்த்தினாள். வீட்டு டம்ளரில் காப்பி தந்தாள். தண்ணீர் தெளிக்க அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. தென்கரைக் கடவிலும் இப்போது ஆளில்லை, படியெல்லாம் காடு பிடித்துவிட்டது, மேலே பஸ் போகிறது. பேச்சுவாக்கில் ஆவுடை சொன்னாள். "அண்ணனுக்கு உங்களைக் கண்டா ஏன் ஆகாதுண்ணு நாங்க யாரும் கேட்டதில்ல. என்னமோ பெரிய சண்டையாக்கும்னு நினைச்சிருந்தோம்."

"சண்டை ஒண்ணும் இல்ல பிள்ளே" என்றேன். வேறென்ன சொல்ல? உன் உயிருக்கு அவன் கொடுத்தது என்னை என்றா?

தீட்டு ஒழிந்தது, நல்ல காரியம், திரும்ப வரவே வேண்டாம். இப்போது எந்த வீட்டிலும் என்னை உள்ளே அழைக்கிறார்கள். ஆனால் தன்னிடம் உள்ளதில் பெரியது என்று சாமி முன்னால் என்னை எடுத்து வைக்க, இனி ஒருவன் இல்லை.