தோணிரேவில் ஒரு டிராக்டர் கொக்கி

நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அந்தக் கொக்கி இன்னும் ஒரு முறை தாங்கியிருக்குமா? எனக்குத் தெரியாது.

பூநாரை பார்க்க, ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை கிளம்பினேன். பொன்னேரியிலிருந்து பழவேற்காடு பதினெட்டு கிலோமீட்டர், பேருந்தில் முக்கால் மணி நேரம். அங்கிருந்து ஏரிக்கரைக் கிராமமான தோணிரேவுக்கு ஆட்டோ. மறுநாள் ஏரிக்குள் போக குமார் என்பவரின் படகைப் பேசியிருந்தேன். போய்ச் சேர்ந்தபோது அதன் அடியில் நீர் கசிகிறதென்று கரையேற்றத் தயாராகிக்கொண்டிருந்தார்கள்.

புதுப் படகு. பழையதைப் போல இரு மடங்கு கனம். அதை டிரெய்லரில் ஏற்றி, டிராக்டர் சரிவில் மேலே இழுக்கும். குமாரும் இன்னும் மூன்று பேரும் பின்னாலிருந்து தள்ளுவார்கள். டிரெய்லரை மாட்டும் கொக்கியைத் தற்செயலாகப் பார்த்தேன். சந்தனமும் குங்குமமும் தடித்துக் காய்ந்திருந்தன. துளை தேய்ந்து, அதில் செருகியிருந்த இரும்பு முளை லொடலொடத்தது. அது விட்டால் படகு அந்த நால்வர் மேல்தான் வரும்.

"கொக்கி பழசா இருக்கே?" என்றேன், டிராக்டர்காரர் ஏழுமலையிடம்.

"பத்து வருசமா இழுக்குதும்மா, இன்னா ஆயிடும்? ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை பொட்டு வெக்கிறேன்."

மீன் அரிந்துகொண்டிருந்த குமாரின் மனைவி செல்வி கத்தியோடு எழுந்து வந்தார். "பொட்டு வெச்சா இரும்பு கெட்டியாயிடுமாண்ணே? பின்னாடி நிக்கிறது எம் புருசன்."

"சாமிக்கு வெச்சது, சொரண்டாத!"

"சாமிகிட்ட நான் பேசிக்கிறேன். நீ எஞ்சினை அணை."

சுரண்டினார். சந்தனத்துக்கு அடியில், கொக்கியின் வளைவில் பாதிவரை விரிசல்.

"இதுக்குத்தான் இவ கையில கத்தி குடுக்கக் கூடாதுன்றது," என்றார் குமார். கசிந்த நீரை இறைத்துவிட்டு, படகைத் தண்ணீரிலேயே கட்டிப்போட்டார்கள்.

இந்தப் பக்கம் போகிறவர்களுக்கு: படகு ஏற்றும்போது சரிவில் நின்று படம் எடுக்காதீர்கள். டிரெய்லர் இழுப்பவர்களுக்கு: சுமை கூடினால் கொக்கியையும் மாற்றுங்கள்; பூசியதைத் துடைத்துவிட்டுப் பாருங்கள். ஒரு விரிசலைப் பார்த்துவிட்டதால் நான் இரும்பு அறிந்தவள் ஆகிவிடவில்லை. பயந்தேன், கேட்டேன், அவ்வளவுதான்.

மறுநாள் ஏழுமலை பொன்னேரியிலிருந்து தடிமனான புதுக் கொக்கி வாங்கி வந்து முடுக்கினார். அதற்கும் சந்தனம் வைத்தார். செல்வி தடுக்கவில்லை; எல்லோரையும் பக்கவாட்டில் நின்று தள்ளச் சொன்னார். மூவர் விலகினார்கள். குமார் பழக்கத்தில் பின்னாலேயே போய் நின்றார். டிராக்டர் உறுமியது. செல்வி ஓடிப்போய் அவர் சட்டையைப் பிடித்து ஓரமாக இழுத்தார். கொக்கி தாங்கியது. படகு மேடேறி, சக்கரத்துக்குக் கல் வைக்கும்வரை செல்வி அந்தச் சட்டையை விடவில்லை.