தலைப்பில் மட்டும் மாற்றிய வருஷம்

கம்ப்யூட்டர் என்றாலே எனக்கு இன்றும் அந்த மவுஸ்தான் ஞாபகம் வருகிறது. எத்தனை பேர் வியர்வையோ, எத்தனை பேர் தின்ற போண்டாவின் எண்ணெயோ, அதன் மேல் கறுப்பாக ஒரு தோல் ஏறியிருந்தது. முதல் நாள் தொட்டதுமே கையை எடுத்து முந்தானையில் துடைத்தேன். "இன்னாம்மா, ஷாக் அடிச்சிடுச்சா?" என்று சார் கேட்டார். வகுப்பே சிரித்தது. ஷாக் அடித்திருந்தால்கூடத் தேவலை, வீட்டுக்குப் போயிருப்பேன்.

தேரடிக்குப் பின்னால் ஒரு சந்து, அதில் ஒரு மாடி. இன்டர்நெட் அடிப்படை, வெப் பேஜ் செய்வது, நெட்வொர்க்கிங், மூன்றும் மூன்றே மாதத்தில் என்று போர்டு மாட்டியிருந்தார்கள். எனக்கு அப்போது முப்பத்துநாலு வயது. டிகிரி முடித்துவிட்டு, அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதை ஓரமாக மாமியாரோடு டீக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். வேங்கிக்காலில் ஓர் அலுவலகத்தில் ஒப்பந்த வேலை ஒன்று இருந்தது. இந்த மாதிரி ஒரு சான்றிதழ் இருந்தால்தான் விண்ணப்பத்தையே கையில் வாங்குவார்கள். அதற்காகத்தான் போனேன்.

சான்றிதழ் கிடைத்தது, வேலையும் கிடைத்தது. இதை எழுதும்போதுகூட அந்த அலுவலக நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு வந்துதான் எழுதுகிறேன். ஆனால் பௌர்ணமி தேதிகளைத் தப்பாகப் போட்டு ஊர் உலகம் பார்க்க வைத்தவள் நான். தப்பு என்று தெரிந்த பிறகும் சான்றிதழ் கைக்கு வருகிற வரைக்கும் வாயைத் திறக்காமல் இருந்தேன். இதை யாரிடமும் சொன்னதில்லை.

அந்த வகுப்பில் இன்டர்நெட் கிடையாது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பத்து கம்ப்யூட்டர், அதில் ஆறு ஓடும், ஒன்றுக்கும் இணைப்பு இல்லை. "சார், நெட் எப்ப வரும்?" என்று கேட்டால், "எக்ஸாம் அன்னைக்கு வரும்மா" என்பார். நோட்டில் ஒரு மேகம் வரையச் சொன்னார். அதுதான் இன்டர்நெட்டாம். மேகத்திலிருந்து நாலு கோடு கீழே இழுத்து நாலு பெட்டி வரைந்தோம். என் மேகம் சின்னதாக இருக்கிறதென்று அரை மார்க் குறைத்தார், புண்ணியவான்.

நெட்வொர்க்கிங் அதைவிட அழகு. ஒயரின் முனையில் கண்ணாடி மாதிரி ஒரு சின்ன பிளக் மாட்ட வேண்டும். உள்ளே எட்டு நிறத்தில் எட்டுக் கம்பி. ஒருமுறை அழுத்தினால் அழுத்தினதுதான், அந்தப் பிளக்கை மறுபடி எடுக்க முடியாது. பதினெட்டுப் பேருக்கு ஒரே ஒரு பிளக் வாங்கி வைத்திருந்தார். அதனால் அழுத்தாமலே அழுத்துகிற மாதிரி காட்டிவிட்டு அடுத்தவரிடம் கொடுக்க வேண்டும். வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பிரவுன், பிரவுன் என்று பதினெட்டுப் பேரும் கோரஸாக ஒப்பித்தோம். அறுபது நாள் ஒப்பித்து ஒரு ஒயரைக்கூட எதிலும் சொருகவில்லை. சொருகவும் வழியில்லை. ஆயுத பூஜைக்குச் சந்தனம் பூசுகிறேன் என்று எல்லா ஒயரும் வந்து சேருகிற அந்தப் பெட்டியில் ஓட்டை ஓட்டையாகச் சந்தனத்தை அப்பிவைத்திருந்தார்கள். காய்ந்து கல்லாகிவிட்டது. அதன் மேல் வைத்த செவ்வந்தி அழுகி, பழுப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது. மூன்று மாதமும் அதை யாரும் எடுத்துப் போடவில்லை. நானும்தான்.

சாருக்கு முப்பது வயது இருக்கும். பாடம் நடத்தும்போது நகம் வெட்டுவார். வெட்டின துண்டு கீபோர்டு இடுக்கில் போய் விழும், அதன் மேலேயே தட்டுவார். கர்மம். வீட்டுக்குப் போய்க் கையைச் சீயக்காய் போட்டுக் கழுவினால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

கடைசி மாதம் ஆளுக்கு ஒரு வெப் பேஜ் செய்ய வேண்டும். அங்கே ஒரு வழக்கம் உண்டு. போன பேட்ச் ஆட்கள் விட்டுப்போன ரெக்கார்டு நோட்டுகள் பீரோவில் அடுக்கியிருக்கும். ஒன்றை எடுத்து, அட்டையில் இருக்கிற லேபிளைக் கிழித்து, நம் பெயரை ஒட்டி, உள்ளே இருப்பதை அப்படியே தட்டிவிட வேண்டியது. அதைத் திருத்துகிறவரும் படிக்க மாட்டார். என் கைக்கு வந்தது கிரிவலம் பற்றியது. மலையின் படம், நான்கு வரி மகிமை, கீழே வருஷம் முழுக்க பௌர்ணமி தொடங்கும் நாள், முடியும் நேரம் என்று ஒரு அட்டவணை. எல்லாம் போன வருஷத்துத் தேதிகள்.

"சார், இது போன வருஷத்துது" என்றேன்.

"தலைப்புல வருஷத்தை மாத்திடும்மா. டேபிள் கோடு சரியா வருதானு மட்டும்தான் பார்ப்பேன். உள்ள இன்னா இருந்தா நமக்கு இன்னா?"

மாற்றினேன். தலைப்பில் ஒரே ஒரு எண்ணைத்தான் மாற்றினேன். எங்கள் கடைச் சுவரில் ஆணியில் நாள்காட்டி தொங்குகிறது. பௌர்ணமியை வைத்துத்தான் எங்களுக்கு அடுப்பே எரிகிறது. எந்த மாதம் எந்த நாள் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைகூட இல்லை இது. வெண்ணெய் கையில் இருக்க, சாக்கடையிலிருந்து அள்ளிப் போட்டேன். பன்னிரண்டு வரி திருத்தச் சோம்பல். வேறொன்றும் இல்லை. அடியில் என் முழுப் பெயரையும் நீலத்தில் போட்டேன், அதில் ஒரு பெருமை வேறு.

சான்றிதழுக்குக் கையெழுத்தாக வேண்டிய சமயத்தில் சார் என்னைக் கூப்பிட்டார். தன் போனைக் காட்டினார். நான் செய்த வெப் பேஜ் அதில் ஓடிக்கொண்டிருந்தது, நிஜ இன்டர்நெட்டில். மேலே "அட்மிஷன் நடைபெறுகிறது" என்று ஒரு வரி வலமிருந்து இடமாக நகர்ந்துகொண்டே இருந்தது. "உன்னுதுதாம்மா நல்லா இருந்துச்சு. ஏத்திட்டோம். ஜனங்க பார்க்கிறாங்க" என்றார். எனக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. மாடிப்படி இறங்கும்போதுதான் உறைத்தது. வருஷத்துக்கு வருஷம் பௌர்ணமி பத்துப் பதினோரு நாள் முன்னாலேயே வந்துவிடும். அந்தப் பக்கத்தை நம்பி வருகிறவர்கள் பௌர்ணமி போன பிறகுதான் வருவார்கள்.

திரும்ப மேலே ஏறினேன். "சார், தேதி எல்லாம் தப்பு. மாத்தணும்."

"பாஸ்வேர்டு முன்னாடி இருந்த சார்கிட்ட இருக்கும்மா. அவர் வேலையை விட்டுட்டார்."

"இப்ப மட்டும் எப்படி ஏத்தினீங்க?"

"அவருக்கு அனுப்பி ஏத்தச் சொன்னேன். திரும்பத் திரும்ப அவர்கிட்ட கேட்க முடியாது." அப்புறம் மேஜையில் இருந்த சான்றிதழ்க் கட்டைத் தட்டி ஒழுங்குபடுத்தினார். "கையெழுத்து ஆகுற நேரத்துல இதையெல்லாம் கிளறாத. அடுத்த பேட்ச்சோட சேர்த்துப் பார்த்துக்கலாம்னு மேல சொல்லிட்டாங்கன்னா உனக்குத்தான் நஷ்டம்."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டார் என்பார்கள். அந்தப் பூசாரி மேல் எனக்கு வந்த அருவருப்புக்கு அளவில்லை. ஆனால் வேங்கிக்காலில் விண்ணப்பம் கொடுக்க எட்டு நாள்தான் இருந்தது. "சரிங்க சார்" என்றேன். தூ! அந்த "சரிங்க சார்" இன்னும் நாக்கில் கசக்கிறது.

ஆறாம் நாள் சான்றிதழ் வந்தது. ஏழாம் நாள் விண்ணப்பத்தைக் கொடுத்தேன். அதன்பிறகாவது போய்ச் சண்டை போட்டிருக்கலாம். போகவில்லை. யார் பார்க்கப் போகிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்த மாதப் பௌர்ணமி வந்து போனது. மூன்று அண்டா மோர் விற்றோம். கூட்டம் போய் ரோடு காலியாகி, பழையபடி டீயும் பன்னுமாகக் கடை ஓடிக்கொண்டிருந்தது. பௌர்ணமி போய்ப் பதினோராம் நாள், பொழுது சாய்கிற நேரத்தில் ஒரு அம்மா வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். நாற்பது வயது இருக்கும். காலில் செருப்பு இல்லை. பாதத்தின் ஓரம் கொப்பளித்து, ஒன்று உடைந்திருந்தது. தினமும் நாலு பேர் சுற்றுகிற பாதைதான் இது. யாரும் யாரையும் எதற்கு நடக்கிறாய் என்று கேட்பதில்லை.

என் மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அத்தை டீ ஆற்றிக் கொடுத்துவிட்டு, "எங்கிருந்தும்மா வர்றே?" என்றார்.

"ஓசூருங்க. பொண்ணுக்குத் திங்கக்கிழமை நெஞ்சுல ஆபரேஷன். அதுக்குள்ள ஒரு பௌர்ணமி சுத்திடறேன்னு வேண்டிக்கிட்டேன். கம்பெனில லீவே தரல. சண்டை போட்டு இந்த ஒரு நாள் வாங்கினேன்." டீயை ஒரு வாய் குடித்துவிட்டு ரோட்டை இரண்டு பக்கமும் பார்த்தாள். "லட்சம் பேரு வருவாங்கன்னு சொன்னாங்க. கூட்டமே இல்லையே? இன்னைக்குத்தானே?"

போனை எடுத்து என்னிடம் நீட்டினாள். கம்பெனி குரூப்பில் யாரோ படம் பிடித்துப் போட்டிருந்தார்கள். மலை, நான்கு வரி மகிமை, அட்டவணை. தலைப்பில் இந்த வருஷம். அடியில் நீலத்தில் என் பெயர். மூன்று மாதம் படித்த நெட்வொர்க் பக்கத்துக் கம்ப்யூட்டருக்குக்கூடப் போகவில்லை. என் சோம்பல் மட்டும் ஓசூர் வரைக்கும் போய் ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தது.

அத்தை வாயைத் திறந்தார். "ஐயோ, பௌர்ணமி போயி..."

"அத்தை, பால் பொங்குது பாருங்க" என்றேன்.

பால் பொங்கவில்லை. அத்தை அடுப்பைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் அந்த அம்மாவிடம் திரும்பி, "ஆமாங்க்கா, இன்னைக்குத்தான்" என்றேன். குரல் பிசிறுகூட இல்லாமல் வந்தது. "ஜனம் ராத்திரிக்குத்தான் ஜாஸ்தி வரும். இப்ப கம்மியாத்தான் இருக்கும்."

"அதானே பார்த்தேன்." அவள் முகத்தில் இருந்த பயம் அப்படியே இறங்கியது. "நிலா இன்னும் வரலையே?"

எங்கள் ஊர் மலைக்கு மேற்கே இருக்கிறது. நிஜப் பௌர்ணமியிலும் இந்த நேரத்துக்கு நிலா எங்களுக்குத் தெரியாது, மலைக்குப் பின்னால்தான் இருக்கும். கிரிவலம் வருகிறவர்களுக்கு அதை நூறு தடவை சொல்லியிருக்கிறேன். அதே வார்த்தையை எடுத்து, "மலை மறைக்குதுக்கா. அந்தப் பக்கம் திரும்பினா தெரியும்" என்றேன்.

இரக்கத்தில் சொன்னேன் என்று பிறகு எத்தனையோ முறை எனக்குச் சமாதானம் சொல்லிப் பார்த்தேன். பிள்ளைக்கு ஆபரேஷன், அவள் மனசு உடையக் கூடாது என்று. அடச்சீ. அந்த வெப் பேஜின் அடியில் இருந்த பெயர் என்னுடையது, அவ்வளவுதான்.

அவள் மலையைப் பார்த்துக் கும்பிட்டாள். அதே கும்பிட்ட கையோடு என்னையும் பார்த்து, "நீங்க நல்லா இருக்கணும்" என்றாள். நொண்டி நொண்டி நடந்து, வளைவில் திரும்பினாள்.

அத்தை அவள் குடித்த டீ கிளாஸைக் கையில் எடுத்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"ஏம்மா, அந்தப் பக்கம் போயி அவ அண்ணாந்து நிலாவைத் தேட மாட்டாளா?" என்றார்.

நொண்டுகிற கால், ரொம்பத் தூரம் போயிருக்காது. ஓடியிருந்தால் பிடித்திருக்கலாம். நான் அத்தையின் கையிலிருந்து கிளாஸை வாங்கிக் கழுவினேன்.