இருவர் இருக்கைக்குப் பக்கத்தில் நின்றவர்

மரியதாஸ் போன செய்தி வந்தபோது நான் குசினியில் பாரை மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். அவருடைய தங்கையின் மகள் ஜெனி தொலைபேசியில் அழைத்து, "ரீச்சர், மாமா விடியப்புறம் போட்டார்" என்றாள். "ஓம் பிள்ளை" என்று சொல்லிவிட்டு மீனை வெட்டி முடித்தேன். கழுவி, மஞ்சளும் உப்பும் பிரட்டி மூடி வைத்தேன். அதன் பிறகுதான் கதிரையில் இருந்து அழுதேன். துக்கம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஆத்திரத்தில் அழுதேன்.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு ஒரு பக்கம் வேண்டும் என்று நம் பங்குச் சபையார் கேட்டார்கள். "நல்லதா நாலு வார்த்தை எழுதித் தாங்கோ ரீச்சர். உங்களுக்குத்தானே அவரை வடிவாத் தெரியும்" என்றார் கேட்க வந்தவர், கண்ணைச் சிமிட்டாத குறையாக. இந்தச் சிமிட்டலை நான் நாற்பது வருடத்துக்கு மேலாகப் பார்த்து வருகிறேன். மரியதாசுக்கு என்மேல் விருப்பம் என்பது கோவில் பாடகர் குழுவுக்குத் தெரியும், பஸ் நடத்துனருக்குத் தெரியும், பேக்கரியிலிருந்து பாண் கொண்டுவருபவனுக்குத் தெரியும். எனக்குச் சொல்ல வேண்டியவர் மட்டும் சொல்லவில்லை. அந்த ஒரு வார்த்தையை அவர் வாயால் ஒரு தடவை கேட்க வேண்டும் என்பதைத் தவிர அவரிடம் எனக்கு வேறு எந்தத் தேவையும் இருந்ததில்லை.

செத்த வீட்டில் பந்தலுக்குக் கீழே இருந்து, இந்த மலரை வாசிக்கிற நீங்கள் பேசியதெல்லாம் என் காதில் விழுந்தது. "எவ்வளவு அடக்கமான மனுசன்! மனசுக்குள்ள கிடந்ததை ஒருநாளாவது வெளியில விட்டவரோ?" என்று ஒருவர் சொல்ல, மற்றவர் "அதெல்லாம் அந்தக் காலத்துப் பெருந்தன்மை" என்று கோப்பியை உறிஞ்சினார். பெருந்தன்மையாம்! வாய் திறக்கப் பயந்தவனுக்கு ஊர் சூட்டுகிற பட்டத்தைப் பாருங்கள். நான் எழும்பிப் போய்ச் சண்டை பிடித்திருப்பேன். பெட்டிக்குப் பக்கத்தில் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள், அதனால் இருந்துவிட்டேன்.

அவருடைய பெருந்தன்மையை நான் முதலில் கண்டது சீனன்குடா பஸ்ஸில். அவருக்கு அங்கே எண்ணெய்த் தாங்கிப் பக்கம் களஞ்சியத்தில் வேலை. எனக்கு அந்த வழியில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பித்தல். அவர் பஸ் நிலையத்திலேயே ஏறிவிடுவார். நான் இரண்டு தரிப்புத் தள்ளி ஏறுவேன். நான் ஏறும்போது பஸ் நிரம்பி வழியும், ஆனால் ஓர் இருவர் இருக்கை மட்டும் எனக்காக வெறுமையாக இருக்கும். அதன் மேல் அவருடைய குடை கிடக்கும். என்னைக் கண்டதும் குடையை எடுத்துக்கொண்டு ஒதுங்குவார். நான் யன்னல் பக்கம் இருப்பேன். மரியதாஸ் இருக்க மாட்டார்! பக்கத்து இடம் சும்மா கிடக்க, மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு சீனன்குடா வரைக்கும் நின்றுகொண்டே வருவார். வேறு யாராவது இருக்கப் பார்த்தால் "ஆள் வருது" என்பார். ஆள் அவர்தான். வரவே இல்லை.

அது சோதனைச் சாவடிகளின் காலம். வழியில் எல்லோரையும் இறக்கி, அடையாள அட்டை பார்த்து, நடக்க விட்டு, அந்தப் பக்கத்தில் மறுபடி ஏற்றுவார்கள். மரியதாஸ் தன் அட்டையைக் காட்டியதும் வேட்டை நாய் போல ஓடுவார். துவக்கோடு நிற்பவர்களுக்கு முன்னால் ஓடக் கூடாது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த காலத்தில் இவர் ஓடுவார். பஸ்ஸில் முதலாவதாக ஏறி, அதே இருக்கையில் குடையைப் போட்டு வைப்பார். சுட்டாலும் பரவாயில்லை என்று ஓடத் துணிந்த மனிதருக்கு, ஓடிப் பிடித்த இடத்தில் பக்கத்தில் இருக்கத் துணிவில்லை. ஒருநாள் கேட்டேன்: "இடம் கிடக்குத்தானே, இருங்கோவன்?" அவர் என்னைப் பார்க்காமல் யன்னலுக்கு வெளியே குடாவைப் பார்த்து, "பாப்பம் ரீச்சர்" என்றார்.

"பாப்பம்" என்பதுதான் அவருடைய தாரக மந்திரம். மழை வருமா என்றாலும் பாப்பம், பாடகர் குழுவில் புதுப் பாட்டுப் பழகுவோமா என்றாலும் பாப்பம். அவருக்கு இரண்டு தங்கைமார் இருந்தார்கள். அவர்களைக் கரையேற்றிவிட்டுத்தான் தன் பாட்டைப் பார்ப்பார் என்று ஊர் அவருக்காக நியாயம் பேசியது. அந்தத் தங்கைமார் கரையேறிப் பேரப்பிள்ளையும் கண்டுவிட்டார்கள். அண்ணர் மட்டும் கம்பியைப் பிடித்தபடி நின்றார்.

அந்த இடத்தில் கடைசியில் ஒருவர் வந்து இருந்தார். உப்புவெளியில் ஐஸ் தொழிற்சாலையில் வேலை செய்துவிட்டுச் சீனன்குடாப் பக்கம் புதிதாக மாறி வந்தவர், பெயர் லூயிஸ். பஸ்ஸின் வழக்கம் அவருக்குத் தெரியாது. ஏறினார், பார்த்தார். "சும்மாதானே கிடக்கு, இருக்கட்டோ?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் இருந்தும்விட்டார். "ஆள் வருது" என்று மரியதாஸ் சொல்வாரென நான் எதிர்பார்த்தேன். அவர் குடையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தொண்டையைச் செருமினார், அவ்வளவுதான். லூயிஸ் ஒரு பை கச்சான் கடலையை என் பக்கம் நீட்டினார். பள்ளிக்கூடத்தடிக்குப் போய்ச் சேருமுன் தன் தாயின் சீனி வருத்தத்திலிருந்து தன் சம்பளக் குறைவு வரைக்கும் சொல்லிவிட்டார். அடுத்த மாரி வருவதற்குள், "ரீச்சர், உங்களைக் கட்ட எனக்கு விருப்பம். உங்களுக்கு ஏலாதெண்டால் இப்பவே சொல்லுங்கோ, நான் வேற பஸ்ஸில போறன்" என்றும் சொல்லிவிட்டார். இவ்வளவும் மரியதாசின் முழங்கைக்குக் கீழே நடந்தது. லூயிஸைக் கட்டியதில் எனக்கு ஒருநாளும் வருத்தமில்லை. கேட்கத் தெரிந்த மனிதர் அவர்.

ஆனால் கலியாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு விளம்பரம் வாசிக்க வேண்டுமே. நம் கோவிலில் அந்தக் காலத்தில் பூசை முடிவில் அறிவித்தல்களை வாசிப்பவர் யார் என்று உங்களுக்குத் தெரியும். தொண்டை கட்டியிருக்கிறது என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சுவாமியாரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லியிருக்கலாம். மரியதாஸ் வெள்ளைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரி, வாசிப்பு மேடையில் ஏறி நின்று மணிக்குரலில் வாசித்தார்: "நமது பங்கைச் சேர்ந்த காலஞ்சென்ற சூசைப்பிள்ளை, மரியம்மா ஆகியோரின் புத்திரி செல்வி பிலோமினா என்பவருக்கும்..." அதற்கு முன்னர் என் பெயரை அவர் வாயால் நான் கேட்டதே இல்லை. எப்போதும் ரீச்சர்தான். முதன்முதலாகச் சொன்னார், ஒலிபெருக்கியில், ஊருக்கு முன்னால், இன்னொருவர் பெயரோடு சேர்த்து. "இத்திருமணத்துக்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் பங்குத் தந்தைக்கு அறிவிக்கக் கடமைப்பட்டுள்ளார்கள்" என்று முடித்து, அடுத்ததாக மாதா சபைக் கூட்டத்தை அறிவித்தார்.

நீயும்தானே வாயைத் திறக்கவில்லை என்று என்னைக் கேட்கப் போகிறீர்கள். திறந்தேன். அன்றைக்குப் பூசை முடிந்ததும் பக்கத்து வாசலில் அவரை மறித்தேன். "தடை இருந்தால் சொல்லச் சொல்லி வாசிச்சீங்கள். உங்களுக்கு ஏதும் தெரியுமோ?" என்று கேட்டேன். ஒரு பெண்பிள்ளை அதற்கு மேல் என்னத்தைக் கேட்பது? அவர் என் செருப்பைப் பார்த்தார். பிறகு, "ஒண்டும் தெரியாது ரீச்சர்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "பின்னுக்கு இருந்த ஆக்களுக்குக் கேட்டதோ? மைக் ஒரு மாதிரி இரையுது" என்றார். அடுத்த இரண்டு ஞாயிறும் மைக்கைத் திருத்திவிட்டு இன்னும் தெளிவாக வாசித்தார்.

லூயிஸ் மாரடைப்பில் போனபோது பந்தல் போட்டதும் கதிரை இறக்கியதும் மரியதாஸ்தான். அத்தனை கதிரைகளையும் இறக்கிவிட்டு ஒன்றில்கூட இருக்கவில்லை. வருடங்கள் போயின. கனடாவிலிருந்து என் மகளே கேட்டாள்: "அம்மா, அந்த அங்கிள் பாவம். கட்டுங்கோவன், ஆர் என்ன சொல்லப்போகினம்?" பெற்ற பிள்ளைக்கு இருந்த துணிவு எனக்கும் வந்தது. ஒரு ஞாயிறு பின்னேரம் அவரைத் தேத்தண்ணிக்குக் கூப்பிட்டேன். துறைமுகம் தெரிகிற பக்கமாக இரண்டு கதிரைகளை ஒட்டிப் போட்டு வைத்தேன். வந்தவர் கதிரைகளைப் பார்த்தார். குசினியில் குழாய் ஒழுகும் சத்தம் அவருக்குக் கேட்டுவிட்டது. நேரே உள்ளே போய், முழங்காலில் இருந்து, குழாயைத் திருத்தினார். தேத்தண்ணியை நின்றபடி குடித்தார். "நல்ல சாயம்" என்றார். சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்தக் குழாய் இன்றுவரை ஒழுகவில்லை. அதற்காகவும் அவர்மேல் எனக்கு ஆத்திரம்தான்.

கடைசியாக அவரைப் பார்த்தது ஆசுப்பத்திரியில், போவதற்கு முந்திய கிழமை. சுவரோரக் கட்டிலில் சுருண்டு கிடந்தார். என்னைக் கண்டதும் முதல் வேலையாக, "ஜெனி, ரீச்சருக்கு ஒரு கதிரை பார்" என்றார். வார்ட்டில் கதிரை இல்லை. அவள் தேடிக்கொண்டு வெளியே போனாள். நான் கட்டில் விளிம்பிலேயே இருந்துவிட்டேன். அவர் இன்னும் கொஞ்சம் சுவர்ப் பக்கமாக ஒதுங்கினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இனியும் ஆருக்குப் பயப்பிடுறீங்கள்?" என்று கேட்டேன். "உங்கட அம்மாவும் இல்லை, என்ர ஐயா அப்பவே இல்லை. லூயிசும் இல்லை."

"பயமில்லை ரீச்சர்."

"ரீச்சர் எண்டு சொல்லாதேங்கோ. எனக்கொரு பேர் இருக்கு. அதைச் சொல்லுங்கோ, ஒருக்கா."

கண்ணை மூடிக்கொண்டார். நித்திரையாகிவிட்டார் என்றுதான் நினைத்தேன். அப்போது தொண்டையைச் செருமினார், மேடையில் ஏறியதும் செருமுவாரே, அதே மாதிரி. "நமது பங்கைச் சேர்ந்த காலஞ்சென்ற சூசைப்பிள்ளை, மரியம்மா ஆகியோரின் புத்திரி..." குரல் உடைந்திருந்தது, ஆனால் ஒரு சொல் பிசகவில்லை. "செல்வி பிலோமினா என்பவருக்கும்" என்று சொல்லி, அங்கே நின்றுவிட்டார். அடுத்து ஒரு பெயர் வர வேண்டும். உதடு அசைந்தது. பக்கத்துக் கட்டில்காரரும் திரும்பிப் பார்த்தார்.

"மிச்சம்?" என்றேன்.

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார், நேராக, என் முகத்தை. கண் நிறைய நீர் நின்றது.

"பாப்பம்" என்றார்.

ஜெனி கதிரையோடு வந்துவிட்டாள்.

அன்பான பங்கு மக்களே, அவருடைய குடையை நீங்கள் யாரும் எடுத்துக்கொள்ளலாம், நீங்கள் போர்த்திய பொன்னாடைகளையும் பாட்டுப் புத்தகங்களையும் பங்கிட்டுக்கொள்ளலாம். எனக்கு விட்டுப் போனது அந்த அரை அறிவித்தல். அதைத்தான் நான் வைத்திருக்கிறேன். அரைகுறையாக வைத்திருக்க எனக்குப் பொறுமையில்லை, நான் மரியதாஸ் இல்லை. ஆகவே மிச்சத்தை நானே வாசிக்கிறேன்: நமது பங்கைச் சேர்ந்த காலஞ்சென்ற அந்தோனிப்பிள்ளை, செபமாலை ஆகியோரின் புத்திரன் திரு. மரியதாஸ் என்பவருக்கும். இதற்குத் தடை ஏதும் இருந்ததாக அறிந்தவர்கள் அறிவிக்கக் கடமைப்பட்டுள்ளார்கள் அல்லவா, நான் அறிவிக்கிறேன். ஒரே ஒரு தடை இருந்தது. அவர்தான் அது.

பின்னுக்கு இருக்கிற ஆக்களுக்குக் கேட்டதோ?