கௌரவ இடம்

ரோசாப்பூவைக் கொடுக்குமுன் முள்ளைக் கிள்ளிவிடுவார் சபாரத்தினம். நோர்வேயின் வெஸ்ட்லி மெத்ரோ ரயில் நிலைய வாசலில், கட்சியின் சிவப்பு மேலங்கியோடு, அதன் சின்னமான ரோசா நிறைந்த வாளிக்குப் பக்கத்தில் நின்று பெருவிரல் நகத்தால் ஒவ்வொன்றாகக் கிள்ளுவார். "சனத்தின்ர கையில குத்தினால் கட்சிக்கெல்லோ கெட்ட பேர்" என்பார். தேர்தலுக்குத் தேர்தல் இதே வாசல், இதே வாளி. வெஸ்ட்லித் தமிழர் அவரை "மந்திரி" என்று கூப்பிடுவது மரியாதைக்கா நக்கலுக்கா என்று அவர் ஒருநாளும் விசாரித்ததில்லை.

உண்மையான மந்திரி வேறு ஆள். ஒட்வார் மீர்லெத். உலக யுத்தம் முடிந்த கையோடு பிறந்த, ட்ராம் சாரதி ஒருவரின் மகன். வட்டாரச் சபையில் தொடங்கி நகரசபை, பாராளுமன்றம், கடைசியில் மீன்பிடி அமைச்சு. தூண்டில் பிடித்தறியாத மனுசன்! ஒவ்வொரு படிக்கும் சபாரத்தினம் தோள் கொடுத்தார். ஹோட்டலில் சட்டிபானை கழுவி முடித்ததும் பக்கத்து ரொம்சோஸின் அடுக்குமாடியெல்லாம் ஏறி, தமிழர் வீட்டுக் கதவுகளைத் தட்டி, "ஒட்வாருக்கு ஒரு புள்ளடி" என்று கேட்டுத் திரிந்தார். மீர்லெத் பொங்கலுக்குப் பொங்கல் வந்து "வணக்கம்" சொன்னார், இரண்டு வடை தின்றார், படம் எடுத்துக்கொண்டு போனார். பிரதமரையே பெயர் சொல்லிக் கூப்பிடுகிற நாடு இது. மீர்லெத்தின் பதவி போய் எத்தனையோ வருசமாகியும் சபாரத்தினத்தின் வாயில் அவர் "மந்திரி"தான்.

தனக்கென்று இவர் கேட்டது ஒன்றே ஒன்று: நகரசபையில் ஒரு கதிரை. "அடுத்தமுறை, சபா" என்று தோளில் தட்டுவார் மீர்லெத். தட்டித் தட்டியே தலை நரைத்தது. ஒருவழியாக இந்தத் தேர்தலுக்குச் சொன்னார்: "பட்டியலில் உனக்குக் கௌரவ இடம் எடுத்துத் தந்திருக்கிறேன்."

கௌரவ இடம்! சபாரத்தினத்துக்கு இலங்கையின் தேசியப் பட்டியல்தான் ஞாபகம் வந்தது. அங்கே பெரிய மனுசரைக் கட்சி வாக்குக் கேட்கவே விடாமல் நேரே ஆசனத்தில் கொண்டுபோய் இருத்தும். மனைவி மங்களேஸ்வரியைக் கொண்டு கேசரி கிண்டுவித்து ஊர் முழுக்கக் கொடுத்தார். புதுக் கோட்டும் வாங்கினார். மகன் துஷாந்த்தான் போட்டுடைத்தான்.

"அப்பா, அது கடைசி இடம். வெல்லாது எண்டு தெரிஞ்ச ஆக்களைத்தான் போடுறவை. லிஸ்தெஃபில்! சும்மா இடம் நிரப்புறது, விளங்குதே?"

கேசரி தின்ற வாய்களெல்லாம் எப்படிச் சிரித்திருக்கும்! மனுசன் சில நாள் வெளியே தலைகாட்டவில்லை. பாவம் பார்த்து துஷாந்த்தே ஒரு வழி சொன்னான். சனம் பட்டியலில் விரும்பிய பேருக்கு நேரே புள்ளடி போடலாம், எத்தனை பேருக்கும் போடலாம். தமிழர் எல்லாரும் போட்டால் கடைசிப் பேரும் மேலே வரும். அலுமாரிக்குள் போன கோட்டு மறுபடி வெளியே வந்து தொங்கியது.

மோப்பம் பிடித்ததுபோல் மீர்லெத் தொலைபேசி எடுத்தார். அவருடைய மகள் இங்வில்ட்டும் அதே பட்டியலில்தான் நின்றாள். "உன் சனத்தின் புள்ளடி அவளுக்கு மட்டும் விழட்டும், சபா. பிரிந்தால் தோற்றுவிடுவாள். உனக்கு அடுத்தமுறை பார்ப்போம்."

"ஓம்" என்றார் சபாரத்தினம். நோர்வேஜிய மொழியில் சொல்லக்கூட மறந்து தமிழிலேயே சொன்னார்.

கேட்டுக்கொண்டிருந்த மங்களேஸ்வரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ரோசாப்பூக் குடுத்துக் குடுத்து உள்ள ரோசமும் போட்டுது உங்களுக்கு!"

தேர்தலுக்கு முந்தின சனிக்கிழமை வழக்கம்போல வாசலில் நின்றார். பூமணி அக்கா, ஒவ்வொரு தேர்தலிலும் இவர் சொன்ன பேருக்கே போடுகிற மனுசி, கட்சி முன்னமே கொடுத்த வாக்குச்சீட்டோடு வந்தார்; இங்கே புள்ளடியை வெளியிலேயே போட்டுக்கொண்டு வாக்களிக்கப் போகலாம்.

"தம்பி, ஆருக்குப் புள்ளடி?"

சபாரத்தினம் இங்வில்ட்டின் பெயரைத் தொட்டுக் காட்டினார். அக்கா போட்டார். பிறகு பேனை கீழே இறங்கிப் போய்க் கடைசிப் பேரில் நின்றது.

"உன்ர பேரும் இஞ்சை கிடக்கு. உனக்கும் ஒண்டு போடட்டே?"

எத்தனை பேருக்கும் போடலாம் என்று மகன் சொன்னது அவருக்கு மறக்கவில்லை. அக்காவின் கையிலிருந்த பேனையை வாங்கி மூடியைப் போட்டார். வாளியிலிருந்து ஒரு ரோசாவை எடுத்து நீட்டினார்.

"ஐயோ, குத்துது!" என்று கையை உதறினார் பூமணி அக்கா.

அந்தப் பூவில் முள் கிள்ளப்படவில்லை.