கல்லறைத் திருநாளுக்கு நான் போகலாமா?

அறுபதுகளின் கடைசியில் எனக்குக் கல்யாணமாகி, கிழக்குத் தாம்பரத்தில் குடித்தனம் வந்தேன். என் கணவர் பள்ளிக்கூட வாத்தியார். முதல் மனைவி காய்ச்சலில் இறந்துபோக, ஒரே பெண்ணை வைத்துக்கொண்டு திண்டாடியவர். அவளுக்கு அப்போது ஒன்பது வயது. பல்லாவரத்தில் எங்கள் வீட்டில் நான்தான் கடைக்குட்டி. என்னைத்தான் மற்றவர்கள் வளர்த்தார்களே தவிர, நான் யாரையும் வளர்த்துப் பழக்கமில்லை.

என்னை எப்படிக் கூப்பிடுவது என்பதிலேயே குழப்பம் ஆரம்பித்துவிட்டது. அம்மா என்று கூப்பிடச் சொன்னார் அவர். அவருடைய அக்கா, அதாவது என் நாத்தனார், சித்தி என்றால் போதும் என்றார். பெண் இரண்டையும் விட்டுவிட்டு, "இங்க பாருங்க" என்று கூப்பிட்டாள்.

அதுகூடப் பரவாயில்லை. ஒருநாள் நான் மாவாட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து, பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் சொல்லி விழுந்து விழுந்து சிரிப்பாள். மறுநாள் காலையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். தலை பின்னப் போனால் சீப்பைப் பிடுங்கிக்கொள்வாள். என்ன தப்பு செய்தேன் என்று யோசித்து யோசித்து எனக்கு மண்டை காய்ந்துவிடும். கண்டித்தால் மாற்றாந்தாய் என்பார்கள், கண்டிக்காவிட்டால் அக்கறையில்லை என்பார்கள். இந்தப் பெண் என்னை வெறுக்கிறாள், எத்தனை வருஷமானாலும் ஒட்டமாட்டாள் என்று முடிவுகட்டி அழுதும் இருக்கிறேன்.

அந்த வருஷம் நவம்பரில் கல்லறைத் திருநாள் வந்தது. முதல் மனைவியின் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்து, பூவும் மெழுகுவர்த்தியும் வாங்கியாயிற்று. நான் போகலாமா, கூடாதா என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. அவரைக் கேட்டால், "உன் இஷ்டம்" என்று பேப்பருக்குள் தலையை விட்டுக்கொண்டார். என் இஷ்டம் என்னவென்று எனக்குத் தெரிந்தால் அவரை ஏன் கேட்கப்போகிறேன்?

நாத்தனார், "நீ எதுக்கும்மா அங்க? பாக்குறவங்க நாலு விதமா பேசுவாங்க. வீட்லயே ஜெபம் பண்ணிக்கோ" என்றார்.

சரி, இருந்துவிடுவோம் என்று அடுப்படிக்குப் போனால், பின்னாலேயே பெண் வந்து நின்றாள். கையில் சீப்பும் ரிப்பனும்.

"இங்க பாருங்க, ரெட்டைப் பின்னல் போட்டு விடுங்க. அம்மாகிட்ட போறேன் இல்ல."

பின்னி முடித்ததும், "நீங்க புடவை மாத்தலையா?" என்று கேட்டாள்.

"நான் வந்தா உங்கம்மாவுக்குப் பிடிக்குமா?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

ரிப்பன் நுனியை இழுத்துச் சரிபார்த்தாள். "தெரியல. வந்துதான் பாக்கணும்."

போனேன். கல்லறைத் தோட்டம் முழுக்கச் சேறும் கூட்டமும். சாமியார் தீர்த்தம் தெளித்து நகர்ந்ததும், என் கணவரும் நாத்தனாரும் தெரிந்தவர்களோடு பேசப் போய்விட்டார்கள். நான் குடையோடு ஒதுங்கி நின்றிருந்தேன். தூறலில் மெழுகுவர்த்தி அணைந்து அணைந்து போக, பெண் தீப்பெட்டியோடு தனியாகப் போராடிக்கொண்டிருந்தாள். பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. பக்கத்தில் போய்க் குடையைப் பிடித்தேன். மெழுகுவர்த்தி நின்று எரிந்தது.

அவள் கல்லறையைப் பார்த்து, வீட்டில் பேசுவதுபோலவே பேசினாள். "அம்மா, நான் சொன்னேன் இல்ல, இவங்கதான். நல்லாத்தான் பாத்துக்கிறாங்க. நான் இவங்ககூட சிரிச்சா நீ கோச்சுக்கக் கூடாது, சரியா?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. சிரித்துப் பேசிய மறுநாளெல்லாம் அவள் என்மேல் கோபப்படவில்லை. தன் அம்மாவுக்குத் துரோகம் செய்துவிட்டோமோ என்று பயந்திருக்கிறாள். இதற்குச் சந்தோஷப்படுவதா, அழுவதா? அங்கே படுத்திருப்பவர்மேல் எனக்கிருப்பது பொறாமையா, நன்றியா? எதுவுமே புரியாமல் மரம்போல நின்றேன்.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். "அம்மா ஒண்ணும் சொல்லல. பரவாயில்லன்னுதான் நெனைக்கிறேன்" என்றாள். சொல்லிவிட்டு, பாவாடை நனையாமல் இருக்கக் குடைக்குள் என்னை ஒட்டி நின்றுகொண்டாள்.

ஒரே நாளில் எல்லாம் மாறிவிடவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது அதற்குப் பிறகும் இருந்தது. ஆனால் காரணம் தெரிந்துவிட்டதால் நான் காத்திருக்கப் பழகிக்கொண்டேன். என்மேல் பிரியம் வைப்பதற்கு அந்தச் சின்ன மனசு யாரிடமும் சொல்லாமல் எவ்வளவு பயந்திருக்கும் என்று நினைத்தால், இன்றைக்கும் எனக்குத் தாங்க முடிவதில்லை.